யாரும் சுடாத தழும்பு

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கவும் கூச்சப்படுகிறவள். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னால் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல்காரரைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, என்ன நோய் என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் வந்தது தலைவலி. காட்டிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் தண்ணீர்கூடக் கேட்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

"கதவைச் சாத்து புள்ள. வெளிச்சம் கண்ணுக்குள்ள ஊசியாட்டம் ஏறுது" என்றார்.

கதவைச் சாத்தினேன். வெயில் தாங்காமல் வந்த வலி என்றுதான் நினைத்தேன்.

அவர் காட்டிலாகாவில் வாச்சர், காட்டுக் காவலாள். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலத்தில் வேட்டைக்கென்று காவல் போட்டு வைத்திருந்த காடு அது. சமஸ்தானம் போய் சர்க்கார் வந்தது. மான்கள் அங்கேயேதான் இருந்தன. எங்கள் ஊர் அந்தக் காட்டை ஒட்டி, குளத்தூர் போகிற பக்கம். ஐம்பத்திரண்டோ ஐம்பத்துமூன்றோ, என் பெண் பிறந்ததற்கு அடுத்த கோடை. மழை இல்லை. காட்டுக்குள் இருந்த ஊருணி வற்றிப்போய், மான்கள் எங்கள் கண்மாய்க்கு இறங்கி வந்தன. கண்மாயிலும் நடுவில் சேறுதான் மிச்சம். தாகத்துக்கு வந்த மான் சேற்றில் கால் புதைந்து, ஏற முடியாமல் அப்படியே நின்று சாகும்.

செத்த மானை வெளியே இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்க் காட்டுக்குள் புதைக்க வேண்டும். விட்டுவைத்தால் யாராவது கறிக்கு எடுத்துப் போவார்கள், கேள்வி வாச்சர் மேல் வரும். அந்தக் கோடையில் அவருக்கு அதுதான் வேலையாக இருந்தது.

மானின் காதிலும் தொடை இடுக்கிலும் உண்ணி அப்பிக் கிடக்கும். ஆட்டில் இருக்குமே, அதே மாதிரி இரத்தம் குடிக்கிற பூச்சி. அதைப் பற்றி அவர் ஒரு நாள் சொன்னது நினைவிருக்கிறது.

"உசுரோட இருக்கிற மானை விட்டு உண்ணி எறங்காது. செத்து ஒடம்பு ஆறுச்சுன்னா ஒண்ணு நிக்காது. சூடு எங்கிட்டு இருக்குன்னு தேடி வந்துரும்."

"அந்தச் சூடு நீங்கதானாக்கும்?"

"வேற யாரு, தூக்கிக்கிட்டுப் போறவன் நாந்தானே!"

வேலை முடிந்து வந்ததும் கிணற்றடியில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றிவிட்டு, காலிலும் இடுப்பிலும் ஒட்டியிருக்கிற உண்ணியைத் தேடுவார். பீடியைப் பற்றவைத்து அதன் நெருப்பை உண்ணியின் மேல் வைப்பார். உண்ணி சுருண்டு விழும். தோலும் கொஞ்சம் வெந்துபோகும். வாச்சர்கள் எல்லோரும் அப்படித்தான் எடுத்தார்கள். அதனால் எல்லார் காலிலும் மிளகு அளவில் கறுத்த பொருக்குகள் இருக்கும்.

அவருடைய அம்மாவை நான் அயித்தை என்று கூப்பிடுவேன். முகமெல்லாம் அம்மைத் தழும்பு. சின்ன வயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர். வாயும் கொஞ்சம் அதிகம். மகன் கிணற்றடியில் உட்கார்ந்தால் சும்மா இருக்க மாட்டார்.

"மான் காவலுக்குப் போனவன் மானாட்டமே புள்ளி வச்சுக்கிட்டு வாரான் பாரு. நாளைக்குக் கொம்பும் மொளைக்கும்."

"மொளைச்சா மொத முட்டு ஒனக்குத்தான் ஆத்தா" என்பார் அவர்.

எனக்குச் சிரிப்பு வரும். அயித்தைக்கு முன்னால் சிரிக்கக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன்.

தலைவலிக்குப் பிறகு காய்ச்சல் ஏறியது. உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல் வலி என்றார். கண் இரண்டும் சிவந்துவிட்டது. கம்பவுண்டர் ஒருவரிடம் மிக்சர் (அந்தக் காலத்தில் பாட்டிலில் கலக்கிக் கொடுக்கிற மருந்து) வாங்கிக் கொடுத்தோம். கேட்கவில்லை. பிறகு ஒரு காலையில் கஞ்சி கொடுக்க அவர் கையைப் பிடித்தபோது உள்ளங்கையில் சிவப்புப் பொட்டுகள் தெரிந்தன. மணிக்கட்டிலும் இருந்தன. காலைப் பார்த்தேன், உள்ளங்காலிலும் இருந்தன.

அயித்தையைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதுவரை நான் கேட்டிராத மெதுவான குரலில் சொன்னார்.

"மாரி ஆத்தா வந்துட்டா."

அத்தோடு மிக்சர் பாட்டில் குப்பைமேட்டுக்குப் போனது. வாசலில் வேப்பிலை செருகினோம். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெய் கூடாது, தலை சீவக் கூடாது. காய்ச்சல் என்ற சொல்லையே சொல்லக் கூடாது. வைத்தியம் பார்த்தால் ஆத்தாளுக்குக் கோபம் வரும். பால் குடிக்கிற என் பெண்ணை இலுப்பூரில் இருந்த என் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள். வீட்டுக்குள் வரவில்லை, வாசலில் நின்றே வாங்கிக்கொண்டாள்.

இதை மூடத்தனம் என்று இன்றைக்குச் சொல்வார்கள். எங்களுக்கு அன்றைக்கு அது ஒரு தெம்பு. பெயர் தெரியாமல் இருந்த நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தது. என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பது தெரிந்தது. காத்திருக்க ஒரு காரியமும் கிடைத்தது. முத்து (அம்மைக் கொப்புளத்தை அப்படித்தான் சொல்வோம்) முதலில் சிவக்கும், அப்புறம் நீர் கோக்கும், அப்புறம் பால் கட்டும், அப்புறம் வாடும். வாடியதும் வேப்பிலை போட்ட தண்ணீரைத் தலைக்கு ஊற்றினால் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அர்த்தம். அந்தத் தண்ணீர் ஊற்றும் நாளுக்காகத்தான் நாங்கள் இருந்தோம்.

அயித்தை காலையில் எழுந்ததும் மகனின் கையை விரித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"இன்னைக்குப் பால் கட்டிரும்."

மறுநாளும் அதையே சொல்வார். முத்து பால் கட்டவில்லை. நீர்கூடக் கோக்கவில்லை. தடவினால் மேடே தட்டவில்லை. நாவற்பழம் தின்ற நாக்கு மாதிரி நிறம் மட்டும் கறுத்துக்கொண்டே போனது. பால் கட்டியது எனக்குத்தான். பிள்ளையை விட்டுப் பிரிந்ததால் மார் கல்லாகி, கையைத் தூக்க முடியாமல் வலித்தது. இதை எழுதவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அந்த நாட்களை நினைத்தால் அந்த வலிதான் முதலில் நினைவுக்கு வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆத்தாளுக்கு என்ன குறை வைத்தோம் என்று அயித்தை யோசிக்க ஆரம்பித்தார்.

"ஏடி, எனக்குத் தெரியாம அடுப்புல கடுகு எதுவும் போட்டியா?"

"இல்ல அயித்தை."

"தலையில சீப்பு வச்சியா?"

"இல்ல அயித்தை."

"பெறகு ஏண்டி இப்படிப் பண்றா?"

 அதற்குள் என் வீட்டுக்காரர் பிதற்றத் தொடங்கியிருந்தார். என்னைப் பார்த்து, "நாயைப் பிடிச்சுக் கட்டு புள்ள, மான் மெரளுது" என்றார். எங்கள் வீட்டில் நாயே கிடையாது. சரி கட்டிவிட்டேன் என்று சொன்னால் கொஞ்ச நேரம் கண்ணை மூடுவார். நான் அவருக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

பிறகு அவருடைய இடது கால் விரல்கள் சில்லிட்டுப்போயின. உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, விரல் மட்டும் பானைத் தண்ணீராக இருக்கிறது. அயித்தை அந்த விரல்களைக் கையில் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்து போய் வாசல் வேப்பிலையை உருவிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு வந்தவளை எனக்குத் தெரியாதா? இது அவ இல்லடி. இது வேற என்னமோ. வண்டியைக் கூப்பிடு."

வண்டிக்காரர் கருப்பையா அண்ணன் தெருமுனைக்கு மேல் வரவில்லை.

"ஆத்தா வந்த ஒடம்பை வண்டியில ஏத்தச் சொல்றியே பெரியாத்தா, எம் மாடு பொழைக்க வேணாமா?"

"அம்மை இல்லைங்கிறேன்ல. அப்படி வந்தா மொதல்ல எனக்கு வரட்டும்டா."

"ஒனக்கு இனிமே எங்கிட்டு வர்றது? மூஞ்சியில எடம் ஏது?"

அந்த நிலைமையிலும் அயித்தை சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் கருப்பையா அண்ணன் வண்டியைத் திருப்பினார் என்று நினைக்கிறேன்.

ஆஸ்பத்திரி பெயரை எழுதவில்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வாசலில் போர்வையை விலக்கிப் பார்த்தவர் ஓரடி பின்னால் போனார். உடம்பெல்லாம் புள்ளியோடு ஒரு ஆளைக் கொண்டுவந்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்? எங்களை ஊருக்கு வெளியே இருந்த அம்மைக் கொட்டகைக்கு அனுப்பினார்கள். இது அம்மை இல்லை என்று அயித்தை சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எந்த அம்மையை விட்டு வெளியே வந்தோமோ, அதற்குள்ளேயே திரும்பவும் போய்ச் சேர்ந்தோம். இந்தத் தடவை வேப்பிலைக்குப் பதிலாக பினாயில் வாசம்.

பக்கத்துப் பாயில் ஒரு சின்னப் பெண் கிடந்தாள். அவளுக்கு நிஜமாகவே பெரியம்மை. முத்துகள் பால் கட்டி, அரிசி ஒட்டினது போல் இருந்தன. அயித்தை அவளையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தார். என் காதோடு சொன்னார்: "இங்க இருந்தா அதுவும் இவனுக்கு வந்துரும்டி." வெளியே எங்கே போவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

கொட்டகைக்கு வருகிற டாக்டர் நரைத்த மீசைக்காரர், குரல் பெரிது. சண்டைக் காலத்தில் பர்மாப் பக்கம் பட்டாளத்தில் இருந்தவர் என்று பிறகு தெரிந்துகொண்டோம். மற்றவர்கள் வாசலில் நின்று பார்த்துப் போவார்கள். இவர் உள்ளே வந்து பாயோரம் குந்தினார். உடம்பைத் திருப்பிப் பார்க்கும்போது தோள்பட்டைக்குக் கீழே முதுகில் ஒரு கறுத்த பொருக்கைக் கண்டார். சுற்றிச் சிவந்திருந்தது.

"இது என்ன?"

"பீடியில சுட்டதுங்க. உண்ணி கடிச்சா அப்படித்தான் எடுப்பான். காலைப் பாருங்க, எம்புட்டு இருக்குன்னு" என்றார் அயித்தை.

டாக்டர் காலைப் பார்த்தார். அதே மாதிரிக் கறுப்புப் பொருக்குகள். தலையை ஆட்டிவிட்டுப் பக்கத்துப் பாய்க்குப் போய்விட்டார்.

அவர் போன பிறகு எனக்குள் ஏதோ அரித்தது. என்னவென்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் வெளி ஆம்பிளையிடம், அதுவும் வீட்டுக்காரர் உடம்பைப் பற்றி, நான் பேசியிருப்பேனா என்று இன்றைக்கும் சொல்ல முடியாது.

மறுநாள் டாக்டர் வந்தார். வரும்போதே தன் வலது கையைத் தோளுக்கு மேலாகப் பின்னால் விட்டு முதுகைத் தொடப் பார்த்துக்கொண்டே வந்தார். எட்டவில்லை. கீழ்வழியாக விட்டுப் பார்த்தார், எட்டவில்லை. இடது கையாலும் பார்த்தார். கொட்டகையில் கிடந்தவர்கள்கூடப் பார்த்தார்கள்.

"ஏம்மா, ஒங்க மகன் என்ன பாம்பா? இந்த எடத்துல தானே எப்படிச் சுட்டுக்கிட்டாரு?"

 அயித்தை என் பக்கம் கையைக் காட்டினார். "இந்தா, இவ சுட்டுவிட்டிருப்பா. வேற யாரு?"

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீயாம்மா சுட்டே?"

 தலையைக் குனிந்துகொண்டேன். அவர் போய்விடுவார் என்று தோன்றியது. போனால் திரும்ப வரும்போது என் வீட்டுக்காரர் இருக்க மாட்டார் என்றும் தோன்றியது.

"நான் சுடலைங்க."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நான் சுடலை. அந்த எடத்தை இங்க வந்துதான் பார்த்தேன்."

டாக்டர் திரும்பவும் குந்திக்கொண்டார். பொருக்கை விரலால் மெல்லத் தொட்டார். யாரிடமும் சொல்லாமல் தனக்குத்தானே சொல்வது போல், "சுட்டது இல்ல. கடிச்சது" என்றார்.

பிறகுதான் விளக்கினார். இது டைஃபஸ் (பேன், உண்ணி போன்ற பூச்சிகளால் வருகிற ஒரு வகைக் காய்ச்சல், டைபாய்டு வேறு, இது வேறு). மான் மேல் இருக்கிற உண்ணியின் வயிற்றுக்குள் ஒரு கிருமி இருக்கும். அதன் பெயர் ரிக்கெட்சியா (பாக்டீரியா வகையில் மிகச் சிறியது, உயிரணுவுக்குள் புகுந்துதான் வாழும்) என்று வெகுகாலம் கழித்து ஒருவர் எனக்குச் சொன்னார். உண்ணி கடித்த இடம் சில பேருக்கு இப்படிச் செத்துக் கறுத்துப்போகும். கிருமி இரத்தக் குழாயின் உள்சுவரைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் புள்ளிகள், அதனால்தான் விரல் சில்லிட்டது. பட்டாளத்தில் இருந்தபோது, வேறு பூச்சி கடித்து இதே மாதிரிப் பொருக்கோடு எத்தனையோ சிப்பாய்களைப் பார்த்ததாகச் சொன்னார்.

"மானுக்கு ஒண்ணும் பண்ணலையே டாக்டரய்யா?" என்று கேட்டார் அயித்தை.

"அது மானுக்குப் பழகிப்போச்சும்மா. நமக்குப் பழகலை."

மருந்து அங்கே இல்லை. குளோராம்பெனிகால் (அப்போது புதிதாக வந்திருந்த கிருமி மருந்து) திருச்சியிலிருந்து வர வேண்டும் என்றார். அவரே ஆள் அனுப்பினார். நோயின் பெயர் தெரியாமல் இருந்ததைவிடத் தெரிந்த பிறகு காத்திருந்தது கொடுமையாக இருந்தது. பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் அயித்தை எழுந்து வாசலுக்குப் போவார். பஸ் நிற்காமல் போகும். வந்து உட்காருவார். நான் என் வீட்டுக்காரர் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மருந்து வழியில் எங்கேயோ இருக்கிறது, இவர் இங்கே இருக்கிறார், நடுவில் நான் செய்ய ஒன்றும் இல்லை.

மருந்து வந்தது. அவரால் விழுங்க முடியவில்லை. மாத்திரைக் கூட்டைப் பிரித்துத் தூளைத் தேனில் குழைத்துக் கொடுத்தோம். அவ்வளவு கசப்பு, துப்பிவிட்டார். அயித்தை மகனின் தலையை மடியில் வைத்து, தாடையை அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"முழுங்குடா அப்பு. வேப்பெண்ணெய் குடிச்ச வாய்தானே, முழுங்கு."

முழுங்கினார். அடுத்த வேளையும் அதே போராட்டம்தான். பிறகு ஒரு நாள் சாயங்காலம் கழுத்தில் கை வைத்தேன், ஈரமாக இருந்தது. வியர்வை. காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் உடம்பு ஆறுகிறது என்றதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. செத்து ஆறின மானைப் பற்றி அவர் சொன்னதுதான் முன்னால் நின்றது. மூக்கடியில் விரலை வைத்து வைத்துப் பார்த்தேன்.

அவர் பிழைத்துக்கொண்டார். இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. வலது காது மந்தமாகிவிட்டது. இந்த நோயில் சிலருக்குச் செவி நரம்பு கெடும் என்றார் டாக்டர். "காதுக்குள்ள சில்வண்டு கத்திக்கிட்டே இருக்கு" என்று அவர் கடைசி வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பியதும் அயித்தை தலைக்குத் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்தார். அம்மைதான் இல்லையே என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.  அயித்தை கோயிலில் நின்று ஆத்தாளிடமே பதில் சொன்னார்:

"வந்தது நீ இல்லைன்னாலும் பாத்துக்கிட்டு இருந்தவ நீதானே."

என் பெண் என்னிடம் வரவில்லை. என் அம்மா மடியிலிருந்தே என்னைப் பார்த்தாள். பால் வற்றிவிட்டது. அது திரும்பவில்லை.

அவருக்கு அந்த நோய் நாட்கள் நினைவே இல்லை. தலைவலி வந்ததும் தெரியும், கசப்பும் தெரியும். நடுவில் ஒன்றும் கிடையாது. "ரெண்டு நாள் படுத்திருப்பேனா?" என்று கேட்பார். எனக்கோ அந்தக் கோடை இன்னும் முழுதாக முடிந்தபாடில்லை. ஒரே காலம் இரண்டு பேருக்கு இரண்டு நீளமாக இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். சாயங்காலம் காட்டுப் பக்கம் காதைத் திருப்பி, "மான் கத்துச்சா புள்ள?" என்று கேட்பார். நான் கேட்டுச் சொல்வேன். அவர் காடு என் காது வழியாகத்தான் அவருக்குப் போனது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். காய்ச்சலோடு உடம்பில் கறுத்த பொருக்கு ஒன்று இருந்தால், அக்குளோ இடுப்போ தலைமுடிக்குள்ளோ, எங்கே இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். சுட்டதாக இருக்கும், கீறினதாக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். கூச்சமாக இருந்தாலும் வாய் திறந்து சொல்லுங்கள். என்னால் முடிந்தது என்றால் யாராலும் முடியும்.

பொருக்கு உதிர்ந்த இடத்தில் சின்னக் குழி விழுந்தது. மிளகு வைத்தால் உட்காரும். அவர் என் பக்கம் முதுகு காட்டிப் படுக்கும்போது என் விரல் தானாக அங்கே போகும். பல வருஷம் போயிற்று. அவர் வேறு நோவில், வயதாகித்தான் போனார். எடுத்துக்கொண்டு போகும் வரை நான் அந்தக் குழியிலிருந்து விரலை எடுக்கவில்லை. உடம்பு ஆறின பிறகும் எடுக்கவில்லை.

மருந்தின் பெயர், கிருமியின் பெயர், எந்த வருஷம் என்பதெல்லாம் நான் எழுதியது சரிதானா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். அந்தத் தழும்பு வலது பக்கமா இடது பக்கமா என்பதையும் முதலில் எழுதியிருந்தேன். சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். அதை மட்டும் வேறு யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. பாயில் ஒருக்களித்துப் படுத்துக் கையை நீட்டினால்தான் எனக்கே தெரிகிறது. எழுந்து உட்கார்ந்தால் மறந்துவிடுகிறது.